வளரும் காலில் நழுவும் முட்டிச்சில்லு

காலை நீட்டி, தொடையைத் தளரவிட்டு, முட்டிச்சில்லை விரலால் பக்கவாட்டில் தள்ளிப் பாருங்கள். கொஞ்சம் அசையும். அது எந்த எலும்போடும் இறுகப் பூட்டப்பட்டதில்லை. தொடையின் முன்தசையிலிருந்து இறங்கிவரும் தடித்த தசைநாணுக்குள் பொதிந்து கிடக்கிற எலும்பு அது. பிறந்த குழந்தையிடம் அது வெறும் குருத்தெலும்புதான். மூன்று வயதுக்கு மேல்தான் மெல்ல எலும்பாகத் தொடங்கும். அதன் வேலை கப்பியின் வேலை. தசையின் இழுப்பை மூட்டிலிருந்து சற்று முன்னே தள்ளி நிறுத்துவதால், குறைந்த விசையிலேயே கால் நீள்கிறது.

கப்பிக்கு ஒரு தடம் வேண்டுமே? தொடை எலும்பின் கீழ்நுனியில் அதற்கென்றே ஒரு பள்ளம் இருக்கிறது. முழங்கால் நன்றாக மடங்கியதும் சில்லு அந்தப் பள்ளத்துக்குள் இறங்கிப் பத்திரமாகிவிடும். ஆபத்தெல்லாம் மடங்கத் தொடங்கும் முதல் 30 டிகிரிக்குள்தான். அப்போது சில்லு பள்ளத்தின் வாய்ப்பகுதியில்தான் நிற்கும், இருபுறமும் உயர்ந்த கரை கிடையாது. அதோடு, தொடை எலும்பு இடுப்பிலிருந்து உள்நோக்கிச் சாய்ந்து வருவதால், தசை இழுக்கும்போதெல்லாம் சில்லு இயல்பாகவே வெளிப்பக்கம் போகப் பார்க்கும். அதைத் தடுத்துப் பிடிப்பது தொடை எலும்பின் உட்புறத்திலிருந்து சில்லின் உள்விளிம்புக்கு ஓடும் ஒரு மெல்லிய தசைநார். வெளிப்பக்க நழுவலைத் தடுக்கும் விசையில் பாதிக்கும் மேல் இந்த ஒரு நார் தருவதுதான். ஏறக்குறைய 200 நியூட்டன் இழுப்பில், அதாவது 20 கிலோ எடையைத் தொங்கவிடும் அளவு விசையில், அது அறுந்துபோகும்.

பாதம் தரையில் ஊன்றியிருக்க, முழங்கால் லேசாக மடங்கியிருக்க, உடம்பு சட்டென்று திரும்பும்போதுதான் பெரும்பாலும் சில்லு விலகுகிறது. இது அதிகம் நடப்பது 10 முதல் 17 வயதுக்குள். விலகிய சில்லு, காலை நீட்டியதும் பல நேரம் தானாகவே இடத்துக்குத் திரும்பிவிடும். அதனால் பிள்ளை, ‘முட்டி மடங்கி விழுந்துட்டேன்’ என்று மட்டும்தான் சொல்லும், வீட்டிலும் சுளுக்கு என்று நினைத்துவிடுவார்கள். விழுந்த சில மணி நேரத்திலேயே முழங்கால் நன்றாக வீங்கினால், உள்ளே ரத்தம் சேர்ந்திருக்கலாம். அதைச் சுளுக்கு என்று விட்டுவிடக் கூடாது என்பதைக் கொஞ்சம் அழுத்தமாகவே சொல்கிறேன். சில்லு விலகும்போதோ திரும்பும்போதோ தொடை எலும்பின் விளிம்பில் மோதி, எலும்போடு சேர்ந்த குருத்தெலும்புத் துண்டு ஒன்று பெயர்ந்து மூட்டுக்குள் மிதக்கக்கூடும். எக்ஸ்ரேயில் அது தெரியாமலும் போகலாம், எம்.ஆர்.ஐ. காட்டிக்கொடுக்கும். பெரிய துண்டாக இருந்தால் காலம் கடத்தாமல் அதை அதன் இடத்திலேயே பொருத்த வேண்டும். முதல் முறை விலகியதுமே ஆபரேஷன் தேவைப்படும் முக்கியமான நிலை இதுதான்.

அப்படித் துண்டு எதுவும் இல்லையென்றால், முதல் விலகலுக்குப் பொதுவாகச் சில வாரம் பிரேஸும் தசையை வலுப்படுத்தும் பயிற்சியும் போதும். பிரச்சினை திரும்பத் திரும்ப விலகும் பிள்ளைகளுக்குத்தான். அவர்களிடம் நார் அறுந்தது மட்டுமே காரணமாக இருப்பது குறைவு. சிலருக்குப் பள்ளம் ஆழமில்லாமல் தட்டையாக இருக்கும், சிலருக்கு மேடாகவே இருக்கும். சிலருக்குச் சில்லு வழக்கத்தைவிட மேலே நிற்கும், பள்ளத்துக்குள் இறங்க நேரமாகும். முட்டிகள் உரசும் கால்வாகு, தொடை எலும்பின் முறுக்கு, மூட்டுகள் அளவுக்கு மீறி வளையும் உடல்வாகு எல்லாம் இதில் சேரும். ஒரே காலில் இரண்டு மூன்று காரணங்கள் கைகோத்து நிற்பதும் சாதாரணம். அதனால்தான் எல்லோருக்கும் ஒரே ஆபரேஷன் என்று இங்கே எதுவும் இல்லை.

சரி, பெரியவர்களுக்குச் செய்வதையே பிள்ளைகளுக்கும் செய்தால் என்ன? செய்ய முடியாது. காரணம், வளர்ச்சித் தட்டு. எலும்பின் நுனிக்குச் சற்று உள்ளே இருக்கும் இந்தக் குருத்தெலும்பு அடுக்கில்தான் எலும்பு நீளமாகிறது. தொடை எலும்பின் மொத்த வளர்ச்சியில் சுமார் 70 சதவீதம் முழங்காலுக்குப் பக்கத்திலுள்ள தட்டிலிருந்துதான் வருகிறது, ஆண்டுக்கு ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டர். அதில் ஓரிடம் காயப்பட்டுக் கெட்டியாகிவிட்டால் அங்கே வளர்ச்சி நின்றுவிடும், மற்ற இடம் வளர்ந்துகொண்டே போகும். கால் வளையும், அல்லது குட்டையாகும்.

பெரியவர்களுக்கு, சில்லிலிருந்து கீழ்க்கால் எலும்புக்கு இறங்கும் கீழ்நாண் ஒட்டியிருக்கும் எலும்புப் புடைப்பை வெட்டி, உள்பக்கமாக நகர்த்தி ஸ்குரூ போடுவார்கள். சில்லை இழுக்கும் கோணம் அதனால் நேராகும். ஆனால் வளரும் பிள்ளையிடம் அந்தப் புடைப்புக்கு அடியிலும் வளர்ச்சித் தட்டு இருக்கிறது. அங்கே கை வைத்தால் கீழ்க்கால் எலும்பின் முன்பக்கம் நின்றுபோய்ப் பின்பக்கம் மட்டும் வளரும், முழங்கால் பின்னோக்கி வளைந்துவிடும். எனவே எலும்பைத் தொடாமல் நாணை மட்டும் இடம் மாற்றுகிறார்கள். கீழ்நாணை நீளவாக்கில் இரண்டாகப் பிரித்து, வெளிப்பாதியை மற்றப் பாதிக்கு அடியில் நுழைத்து உள்பக்கம் தைப்பது, ரூ, கோல்ட்வெய்ட் என்ற இரு மருத்துவர்களின் பெயரில் வழங்கும் பழைய முறை. பள்ளத்தை ஆழமாக்கும் ஆபரேஷனையும் வளர்ச்சி முடியும்வரை பொதுவாகத் தள்ளிப்போடுகிறார்கள்.

இன்று அதிகம் செய்யப்படுவது அறுந்த உள்பக்க நாரைப் புதிதாகக் கட்டுவது. தொடையின் பின்பக்கத் தசைநாண் ஒன்றை எடுத்து, ஒரு முனையைச் சில்லின் உள்விளிம்பிலும் மறுமுனையைத் தொடை எலும்பிலும் பொருத்துகிறார்கள். கேட்கச் சுலபம்தான். ஆனால் தொடை எலும்பில் அந்த நார் பிறவியிலேயே ஒட்டியிருக்கும் புள்ளி, வளர்ச்சித் தட்டிலிருந்து சில மில்லிமீட்டர் தூரத்தில்தான் இருக்கிறது. இங்கே எக்ஸ்ரேயும் ஏமாற்றும். தட்டு ஒரே சமமான பலகையாக இல்லாமல் வளைந்து கிடப்பதால், பக்கவாட்டுப் படத்தில் அந்தப் புள்ளி தட்டுக்கு மேலே இருப்பதுபோலத் தெரியும். முன்பக்கப் படத்தில் பார்த்தால் தட்டுக்குக் கீழே இருக்கும். ஒரே படத்தை நம்பித் துளையிட்டால் துளை தட்டுக்குள் போய்விடலாம். அதனால் ஆபரேஷன் நடக்கும்போதே இரண்டு கோணத்திலும் படம் பார்த்து, துளையைக் கீழ்நோக்கிச் சாய்த்துத் தட்டை விட்டு விலகிப் போடுகிறார்கள். தொடை எலும்பில் துளையே போடாமல், பக்கத்திலுள்ள வேறொரு தசைநாணைச் சுற்றிப் புது நாரை வளைத்துக்கொண்டு வருகிற முறையும் உண்டு.

புள்ளி சரியாக அமைந்தாலும் இழுவிசை தவறினால் பலனில்லை. புது நார் சில்லை உள்பக்கம் இழுத்துக்கொண்டே இருக்கக் கூடாது. கன்றைக் கட்டிய கயிறு போல, எல்லை மீறும்போது மட்டும் இறுக வேண்டும். மிகவும் முறுக்கிக் கட்டினால் முழங்கால் முழுதாக மடங்காது, உள்பக்கக் குருத்தெலும்பு தேயும். எனக்கு இந்த ஆபரேஷனின் உயிர்நாடியே இந்த இடம்தான் என்று தோன்றுகிறது. நாரின் பலத்தைவிட, அது எந்த அளவு தளர்ந்திருக்கிறது என்பதே கவனமாகப் பார்க்க வேண்டியது.

இதுவரை வளர்ச்சியை ஒரு தடையாகவே சொல்லி வந்தேன். ஆனால் அதே வளர்ச்சி ஒரு கருவியும்கூட. முட்டிகள் உரசும் அளவுக்குக் கால் வளைந்த பிள்ளைக்கு எலும்பை வெட்டத் தேவையில்லாமல் போகலாம். எட்டு என்ற எண்ணைப் போன்ற சிறு உலோகத் தகடு ஒன்றை, தொடை எலும்பின் உள்பக்கத்தில் தட்டுக்கு மேலே ஒரு ஸ்குரூ, கீழே ஒரு ஸ்குரூவாகப் பொருத்துவார்கள். உள்பக்க வளர்ச்சி மெதுவாகும், வெளிப்பக்கம் வழக்கம்போல வளரும், கால் தானாகவே நேராகும். நேரானதும் தகட்டை எடுத்துவிட வேண்டும், தாமதித்தால் வளைவு மறுபக்கம் போய்விடும். எடுத்த பிறகு பழைய வளைவு ஓரளவு திரும்புவதும் உண்டு. இதற்கு வளர்ச்சி போதிய அளவு மிச்சமிருக்க வேண்டும் என்பதால், இடது கையின் எக்ஸ்ரேயை எடுத்து எலும்பின் வயதைக் கணக்கிடுகிறார்கள். பிறந்தநாள் சொல்லும் வயதும் எலும்பு சொல்லும் வயதும் ஒன்றாக இருக்க வேண்டியதில்லை. பொதுவாகப் பெண் பிள்ளைகளுக்கு 14 வயதையொட்டியும் ஆண் பிள்ளைகளுக்கு 16 வயதையொட்டியும் முழங்காலின் வளர்ச்சித் தட்டு எலும்பாகி மூடும்.

சின்னக் குழந்தைகள் சிலருக்கு வேறு வகை உண்டு. எந்த அடியும் படாமலே, முழங்காலை மடக்கும் ஒவ்வொரு முறையும் சில்லு வெளியே போய்வரும். அங்கே தொடைத்தசையே குட்டையாக இருப்பதுதான் சிக்கல். வெளிப்பக்க இறுக்கத்தைத் தளர்த்தாமலும் தசைநாணை நீட்டிவிடாமலும் உள்பக்க நாரை மட்டும் கட்டினால் அது நிற்காது.

ஆபரேஷனுக்குப் பிறகு தொடைத்தசை விறுவிறுவென்று மெலிந்துவிடும். அதை மீட்கப் பல மாதப் பயிற்சி தேவை, ஓட்டமும் திருப்பமும் உள்ள விளையாட்டுக்குப் பெரும்பாலும் ஆறு மாதமாவது ஆகும். சில்லை யாராவது வெளிப்பக்கம் லேசாகத் தள்ளினாலே பிள்ளை தொடையை இறுக்கிக்கொண்டு கையைப் பிடிக்க வருவது இந்த நோயின் அடையாளம். அந்தப் பயம் போக நாள் பிடிக்கும், அவசரப்படுத்தக் கூடாது. வலி நின்று விளையாடத் தொடங்கிய பிறகும் மருத்துவரிடம் போவதை நிறுத்திவிட வேண்டாம். இரண்டு காலின் நீளமும் கோணமும் சமமாக வளர்கின்றனவா என்று, எக்ஸ்ரேயில் தட்டு மறைந்து வெறும் கோடாகும் வரை அவர் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும்.