தேயிலை மண்ணும் எலும்பும்

தேயிலைச் செடிகளைக் கவ்வாத்து வெட்டிய மலையில் வெள்ளை மாவு மாதிரி டோலமைட் என்ற சுண்ணாம்புக்கல் தூளைத் தூவுவதைத் தோட்டத்தில் வளர்ந்தவர்கள் பார்த்திருப்பார்கள். மண்ணின் புளிப்பைக் குறைக்கத்தான் அது. முழுக்கப் போக்கிவிடவும் மாட்டார்கள், தேயிலைக்குப் புளித்த மண்தான் பிடிக்கும். பிஎச் அளவில் 4.5 முதல் 5.5 வரை.

அந்த மண்தான் எலும்புக்கு எமன். எலும்பைக் கெட்டியாக வைத்திருக்கும் கால்சியத் தாது அமிலத்தில் கரையும், கரைந்ததை மழை அடித்துக்கொண்டு போய்விடும். பழைய எலும்புகளில் நோயைத் தேடும் தொல்நோயியல் ஆய்வாளர்களுக்கு நம் இலங்கை மலையகம் எளிதில் எதையும் கொடுக்காத இடம். குகை என்றால் கதை வேறு. கித்துல்கல பெலிலென குகையில் 12,000 ஆண்டுகளுக்கு முந்தைய மனித எச்சங்கள் கிடைத்தன. உள்ளே மழை படாது. அடுப்புச் சாம்பலும் தின்று போட்ட நத்தை ஓடுகளும் புளிப்பை முறிக்கக்கூடியவை.

சரி, எலும்பு கிடைத்துவிட்டது. நோயை எப்படிக் கண்டுபிடிப்பது? காசநோய் முதுகெலும்பை அரித்துக் கூன் விழ வைக்கும். தொழுநோய் மூக்கடி எலும்பைத் தேய்க்கும். சின்ன வயதில் இரத்தச்சோகை நீடித்தால் கண்குழியின் மேல்பக்கம் சல்லடை போலப் பொத்தல் விழும். ஆனால் அதற்குக் காரணம் கொக்கிப்புழுவா, மலேரியாவா, சோற்றுக் குறைவா என்று அந்தப் பொத்தல் சொல்லாது.

இன்னொரு சிக்கலும் உண்டு. எலும்பில் தடம் விழ வாரக்கணக்கில் ஆகும். தேயிலைக்கு முந்தைய கோப்பிக் காலத்தில் தோட்ட வேலைக்காக மன்னாரிலிருந்து மாத்தளைக்கு நடந்து வந்தவர்களில் பலர் வாந்திபேதியில், அதாவது கொலராவில், வழியிலேயே செத்தார்கள். ஓரிரு நாளில் முடிந்துபோன சாவு. அவர்கள் எலும்பு இன்று கிடைத்தாலும் ஒரு குறையும் தெரியாது. பொத்தல் விழுந்த எலும்போ, நோயோடு மல்லுக்கட்டிக் கொஞ்ச காலமாவது பிழைத்தவருடையது. அதனால் அனுபவசாலிகள் சுத்தமான எலும்பைப் பார்த்ததும் ஆரோக்கியமான ஆள் என்று எழுதிவிடுவதில்லை.

அப்புறம் பல். உடம்பிலேயே கடினமானது பல்லின் எனாமல்தான். எலும்பு போன பிறகும் பல் மட்டும் மிஞ்சுவதுண்டு. பால்குடி மறந்த வயதில் கடும் காய்ச்சலோ பட்டினியோ வந்தால் எனாமல் வளர்ச்சி தடைப்பட்டுக் குறுக்கே ஒரு கோடு விழும். அது சாகும்வரை ஆறாது. பல்லுக்குள் இரத்தம் ஓடிய குழியில் கிருமியின் டிஎன்ஏவும் தங்கும். 14ஆம் நூற்றாண்டில் லண்டனில் பிளேக் என்ற கொள்ளைநோயில் இறந்தவர்களின் பற்களிலிருந்து அக்கிருமியின் மரபணுத் தொகுதியை 2011இல் படித்தெடுத்தார்கள்.

கொலராவுக்கு இந்த வழியும் உதவாது. அந்தக் கிருமி குடலோடு நின்றுவிடும், இரத்தத்தில் பெரும்பாலும் இறங்காது. 2014இல் ஒரு பழைய கொலராக் கிருமியின் மரபணுவைப் படித்தது, 1849இல் பிலடெல்பியாவில் இறந்த ஒருவரின் குடல் துண்டை அங்கே பதப்படுத்தி வைத்திருந்ததால்தான். மாத்தளைப் பாதையில் விழுந்தவர்களுக்கு அப்படி எதுவும் எடுத்து வைக்கப்படவில்லை.