துப்பாக்கி லைசென்ஸ்: படிவம் கேட்பதற்கு முன் தெரிந்துகொள்ள வேண்டியவை

பாராங் கத்தியோடு யாராவது ஒரு நகைக்கடைக்குள் புகுந்த செய்தி பத்திரிகையில் வந்தால் போதும். அந்த வாரம் முழுவதும் பினாங்கு லெபோ பாசாரிலும் கோலாலம்பூர் லெபோ அம்பாங்கிலும் ஒரே கேள்விதான்: "துப்பாக்கி லைசென்ஸ் எடுக்க என்ன வழி?" கேட்பவர் நகைக்கடைக்காரராக இருப்பார்; நாணய மாற்றுக்காரராகவோ பழைய இரும்பு வியாபாரியாகவோ இருப்பார். ரொக்கத்தைப் பையில் போட்டுக்கொண்டு வங்கிக்கு நடக்கிறவரின் பயம் நியாயமான பயம். ஆனால் அந்தக் கேள்விக்குக் கடைத்தெருவில் கிடைக்கிற பதில்களில் பாதி பொய், மீதி அரைகுறை. அவற்றை நம்பி மாட்டிக்கொண்டவர்களின் வீட்டார்தான் பிறகு மனு எழுதித் தரச் சொல்லி என்னைத் தேடி வருகிறார்கள்.

சட்டத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். மலேசியாவின் 1960ஆம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி லைசென்ஸோ பெர்மிட்டோ இல்லாமல் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருப்பது குற்றம். லைசென்ஸ் தருவதும் மறுப்பதும் மாநிலப் போலீஸ் தலைவரின் முடிவு.

இங்கேதான் பலர் முதலில் வழுக்குகிறார்கள். குற்றப் பதிவு இல்லை, வரி ஒழுங்காகக் கட்டுகிறேன், கடை என் பெயரில் இருக்கிறது, ஆகவே எனக்குத் தகுதி உண்டு என்று நினைக்கிறார்கள். இவையெல்லாம் வாசலில் நிற்க உதவும், அவ்வளவுதான். உங்களுக்கு மட்டும் ஏன் தனியாக ஆபத்து என்று காட்ட வேண்டும். அதற்குப் போலீஸ் புகார் வேண்டும். நம்மவர்கள் பையைப் பறிகொடுத்தாலும், மிரட்டல் போன் வந்தாலும், "புகார் கொடுத்து என்ன ஆகப்போகிறது" என்று பேசாமல் இருந்துவிடுகிறார்கள். பத்து ஆண்டுகள் பயந்து வாழ்ந்தவரின் கோப்பில் ஒரு புகார்கூட இருக்காது. கோப்பைப் புரட்டும் அதிகாரிக்கு அவர் ஆபத்தே இல்லாத மனிதர். துப்பாக்கி கிடைக்கிறதோ இல்லையோ, நடக்கும் ஒவ்வொரு சம்பவத்துக்கும் புகார் கொடுத்துப் பிரதியை வீட்டில் வைத்திருங்கள்.

அலைச்சல் அதற்குப் பிறகு தொடங்கும். நிலையத்தில் கேட்டால் மாவட்டத் தலைமையகத்துக்குப் போகச் சொல்வார்கள். அங்கே படிவம் கிடைக்கும், பொறுப்பதிகாரி இருக்க மாட்டார். அவர் கிடைத்தால் நிறுவனப் பதிவு பழையது, புதிதாக எடுத்து வாருங்கள் என்பார். எடுத்து வருவதற்குள் வங்கிக் கணக்கு அறிக்கை பழையதாகியிருக்கும். வேண்டிய தாள்கள் அத்தனையையும் முதல் நாளே ஒரே காகிதத்தில் எழுதிக் கொடுத்தால் யாருக்கு என்ன குறைந்துவிடும் என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை. நீங்களே ஒரு காகிதம் கொண்டு போங்கள்; அவர்கள் சொல்லச் சொல்ல எழுதி, சொன்னவர் பெயரையும் தேதியையும் குறித்துக்கொள்ளுங்கள். கொடுத்த கோப்பின் முழுப் பிரதியில் பெற்றுக்கொண்ட முத்திரை இல்லாமல் முகப்பை விட்டு நகராதீர்கள். முத்திரை இல்லாத கோப்பு காணாமல் போனால், அது கொடுக்கப்படாத கோப்புதான்.

இந்த இடைவெளியில்தான் அந்த ஆள் வருவார். அவருக்கு ஒரு டத்தோவை, அதாவது பட்டம் பெற்ற ஒரு பெரிய மனிதரைத் தெரியும். "உள்ளே" ஒருவர் இருக்கிறார். முன்பணம் மட்டும் போதும். பணம் போனால் போகட்டும் என்று விட்டுவிடக்கூடிய விஷயம் அல்ல இது. 2009ஆம் ஆண்டு மலேசிய ஊழல் தடுப்பு ஆணையச் சட்டம் வாங்குபவரையும் கொடுப்பவரையும் ஒரே தட்டில்தான் வைக்கிறது: இருபது ஆண்டுகள் வரை சிறை, லஞ்சத் தொகையின் ஐந்து மடங்கு அல்லது 10,000 ரிங்கிட், இதில் எது அதிகமோ அதற்குக் குறையாத அபராதம். ஏமாந்ததாகப் புகார் கொடுக்கப் போனாலும் முதல் கேள்வி "எதற்காகக் கொடுத்தீர்கள்?" என்பதுதான்.

லைசென்ஸ் கிடைத்தவர்கள் நிம்மதியாக இருக்கிறார்களா என்றால், அதுவும் இல்லை. அந்தத் தாள் உங்கள் பெயருக்கானது, உங்கள் கடைக்கானது அல்ல. வங்கிக்குப் போகும் தம்பியிடமோ டிரைவரிடமோ "இன்று மட்டும் வைத்துக்கொள்" என்று கொடுத்தால், அந்த நிமிடத்தில் அவர் லைசென்ஸ் இல்லாமல் துப்பாக்கி வைத்திருப்பவர் ஆகிறார். ஆயுதச் சட்டத்தின் 8ஆவது பிரிவில் ஏழு ஆண்டுகள் வரை சிறை, 10,000 ரிங்கிட் வரை அபராதம், அல்லது இரண்டும். 1971ஆம் ஆண்டு கூடுதல் தண்டனைச் சட்டத்தில் குற்றம் சாட்டினால் பதினான்கு ஆண்டுகள் வரை சிறையும் ஆறுக்குக் குறையாத பிரம்படியும். ஆண்டுதோறும் புதுப்பிக்க மறந்தவரும் இதே குழியில்தான் விழுகிறார். ஊருக்குப் போய் இரண்டு மாதம் தங்கிவிட்டு வந்து பார்த்தால் லைசென்ஸ் காலாவதியாகியிருக்கும், துப்பாக்கி மட்டும் பீரோவில் பத்திரமாக இருக்கும். பயணத்துக்கு முன்பே நிலையத்தில் பேசி, அங்கே ஒப்படைத்துவிட்டு ரசீதோடு விமானம் ஏறுங்கள்.

இவர்கள் எல்லோரையும்விட எனக்கு அதிகக் கவலை தருபவர்கள் பாதுகாவலர்கள். ஓய்வு பெற்ற பிறகு சீருடை போட்டுக்கொண்டு நகைக்கடை வாசலில் பம்ப் கன்னோடு நிற்கும் நம் அண்ணன்மார், மாமாமார். அந்தத் துப்பாக்கி பாதுகாப்பு நிறுவனத்தினுடையது. ஆனால் அதைத் தூக்கி நிற்பவருக்கு அவர் பெயரில் எடுத்துச் செல்லவும் பயன்படுத்தவும் பெர்மிட் இருக்க வேண்டும். ஆள் பற்றாக்குறை வந்தால் மேற்பார்வையாளர் என்ன செய்வார்? ஆயுதமில்லாத பணிக்குச் சேர்ந்தவரைப் பார்த்து, "அண்ணே, இன்றைக்கு ஒரு நாள் அந்த இடத்தில் நில்லுங்கள், பெர்மிட் வந்துகொண்டிருக்கிறது" என்பார். ஜெலுத்தோங்கில் வசிக்கும் ஒருவருக்கு இதுதான் நடந்தது. சோதனைக்கு வந்த போலீசாரிடம் காட்ட அவரிடம் எதுவும் இல்லை. நிறுவனமோ, அவரை அங்கே நிறுத்தச் சொல்லி எழுத்தில் எதுவும் இல்லை என்றது. உண்மைதான், எழுத்தில் இல்லை. வாயால்தான் சொன்னார்கள்.

ஆகவே, பெர்மிட் கையில் இல்லாமல் துப்பாக்கியைத் தொடாதீர்கள். "வந்துகொண்டிருக்கிறது" என்பது பெர்மிட் அல்ல. மறுத்தால் வேலை போகும் என்றால், மறுத்ததை அன்றே மேற்பார்வையாளருக்குக் குறுஞ்செய்தியாக அனுப்பிவையுங்கள். போன வேலைக்குப் பதில் வேறு வேலை தேடலாம்.

சரி, எல்லாத் தாள்களும் ஒழுங்கு, துப்பாக்கி சட்டைக்குள் மறைவாக இருக்கிறது. எப்போது எடுக்கலாம்? லைசென்ஸ் வைத்திருக்க அனுமதிக்கிறது; சுட அனுமதிப்பது வேறு சட்டம். குற்றவியல் சட்டத்தின் 96 முதல் 106 வரையிலான பிரிவுகள் தற்காப்பைப் பற்றிப் பேசுகின்றன. 99ஆவது பிரிவைப் பலர் படிப்பதே இல்லை. போலீஸ் உதவியை நாட நேரம் இருந்தால் அந்த உரிமை இல்லை. தேவைக்கு மேல் தீங்கு செய்யவும் உரிமை இல்லை. உங்கள் கழுத்துக்குப் பாராங் வருகிறது என்றால் அது ஒரு நிலை. சங்கிலியைப் பறித்தவன் மோட்டார் சைக்கிளில் ஏறி, முதுகைக் காட்டிக்கொண்டு போகிறான் என்றால் அது முற்றிலும் வேறு நிலை. அவனை முதுகில் சுட்டுக் கொன்றவர் சங்கிலிக்காகக் கொலை வழக்கில் நிற்பார், 302ஆவது பிரிவில். "ஆத்திரத்தில் சுட்டுவிட்டேன்" என்று வாக்குமூலத்தில் சொன்னவர், பிறகு தற்காப்பு என்று வாதாடுவது எவ்வளவு கடினம் என்று எந்த வழக்கறிஞரையும் கேட்டுப் பாருங்கள்.

2024 ஏப்ரலில் கோலாலம்பூர் விமான நிலையத்தின் முதல் முனையத்தில் ஒருவன் தன் மனைவியைக் குறிவைத்துச் சுட்டான். குண்டு பாய்ந்தது அவருடைய மெய்க்காப்பாளர் மீது. அவன் குற்றவாளி, நீங்கள் அப்படி இல்லை. ஆனால் கூட்டத்தில் குறி தப்புவது நல்லவர், கெட்டவர் பார்த்து நடப்பதில்லை. தீபாவளி நேரத்துக் கடைத்தெருவில் ஒரு தோட்டா எத்தனை பேரைத் தாண்டிப் போக வேண்டும் என்று, எடுப்பதற்கு முன்பே யோசித்து வைத்திருக்க வேண்டும். மிரட்டுவதற்காக ஆகாயத்தில் சுடுவது, சாலைத் தகராறில் சட்டையை விலக்கிக் காட்டுவது, மது அருந்தும் இடத்துக்கு இடுப்பில் செருகிக்கொண்டு போவது, இவற்றில் எதையாவது செய்யக்கூடியவர் என்று உங்களுக்கே தோன்றினால் விண்ணப்பிக்க வேண்டாம். தயவு செய்து.

"அப்படியானால் பொம்மைத் துப்பாக்கி வைத்துக்கொள்கிறேன், பார்த்தாலே ஓடிவிடுவான்" என்பவர்களும் உண்டு. போலித் துப்பாக்கி வைத்திருப்பதும் ஆயுதச் சட்டத்தின் 36ஆவது பிரிவில் குற்றம்தான்: ஓராண்டு வரை சிறை, 5,000 ரிங்கிட் வரை அபராதம், அல்லது இரண்டும். இணையத்தில் விற்கிறார்கள் என்பதால் சட்டப்படி சரி என்று ஆகிவிடாது. காற்றுத் துப்பாக்கிக்கும் லைசென்ஸ் வேண்டும். கார் இருக்கையின் கீழே பாராங்கை ஒளித்து வைக்கும் யோசனையையும் விட்டுவிடுங்கள். 1958ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று அதற்காகவே காத்திருக்கிறது.

அப்பா இறந்த பிறகு பீரோவில் துப்பாக்கி கிடைத்தால்? தோட்டங்களில் வேலை பார்த்த குடும்பங்களிலும், பாலிக் புலாவ் பக்கம் டுரியான் தோப்பு வைத்திருப்பவர்களிடமும் இதை அடிக்கடி கேட்கிறேன். லைசென்ஸ் சொத்து அல்ல, பிள்ளைக்கு வராது. "காரியம் முடியட்டும்" என்று தள்ளிப்போடாமல், முதலில் நிலையத்துக்கு போன் செய்யுங்கள். துப்பாக்கியை நீங்களாகக் காரில் போட்டுக்கொண்டு போகாதீர்கள். வழியில் தடுத்தால் விளக்கம் சொல்லிக்கொண்டு நிற்க வேண்டியிருக்கும். இறப்புச் சான்றிதழும் பழைய லைசென்ஸும் கையில் இருக்கட்டும். ஒப்படைத்ததற்கு ரசீது வாங்குங்கள்.

யாராவது கைதாகிவிட்டால், வீட்டார் அழுதுகொண்டு நிலையத்தில் காத்திருப்பதற்கு முன் செய்ய வேண்டியது ஒன்று உண்டு. குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 28ஏ பிரிவு, கைதான காரணத்தைத் தெரிந்துகொள்ளவும் உறவினரையும் வழக்கறிஞரையும் தொடர்புகொள்ளவும் உரிமை தருகிறது. மேலே சொன்ன 1971ஆம் ஆண்டுச் சட்டத்தில் பதினான்கு ஆண்டுகள் வரை தண்டனை உள்ள குற்றம் என்றால் தடுப்புக் காவல் இரண்டு வாரம் வரை நீளலாம். மலேசியக் குடிமக்களுக்குக் காவல் கட்டத்தில் தேசியச் சட்ட உதவி அறவாரியத்தின் வழக்கறிஞர் இலவசமாக வருவார். அந்த அறவாரியத்தின் பெயரை நிலையத்தில் யாரும் தாமாக எடுத்துச் சொல்ல மாட்டார்கள்; அதன் மலாய்ப் பெயரைத் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். "யாயாசான் பந்துவான் குவாமான் கெபாங்சாஆன் வழக்கறிஞர் வேண்டும்" என்று நீங்கள்தான், மாஜிஸ்திரேட்டின் முன்னால் கொண்டுபோவதற்கு முன்பே, வாய்விட்டுக் கேட்க வேண்டும்.