யாருடைய வேலையாகப் போனீர்கள்?

வாகனச் சேத மதிப்பீட்டாளராக விபத்து நடந்த இடத்துக்குச் செல்லும்போது, ஓட்டியவரின் பதற்றம் சற்றுத் தணிந்த பின் நான் கேட்கும் கேள்விகளுள் ஒன்று, எங்கிருந்து எங்கே, யாருடைய வேலையாகப் போய்க்கொண்டிருந்தீர்கள் என்பதாகும். இழப்பீட்டுப் படிவத்திலும் பயணத்தின் நோக்கத்தை எழுதுவதற்கு இடம் இருக்கிறது. இலங்கை மலையகத்தின் ஹட்டன், தலவாக்கலை, நுவரெலியாப் பகுதிகளில் பலர் அந்த இடத்தை நிரப்பப் பேனாவை எடுக்கும்போதுதான், வாகனத்தை எந்தப் பாவனைக்காகக் காப்புறுதி செய்தோம் என்று பொலிஸியில், அதாவது காப்புறுதி ஒப்பந்தத்தில், ஒரு பந்தி இருப்பதை முதன்முறையாக அறிகிறார்கள்.

1951ஆம் ஆண்டின் 14ஆம் இலக்க மோட்டார் வாகனச் சட்டத்தின்படி மூன்றாம் தரப்புக் காப்புறுதியாவது இல்லாமல் வாகனத்தை வீதியில் செலுத்த முடியாது. வருடாந்த வருமான அனுமதிப்பத்திரமும் கிடைக்காது. ஆகவே எல்லோரிடமும் ஒரு காப்புறுதி அட்டை இருக்கிறது. அட்டை இருந்தால் போதும் என்ற நம்பிக்கையும் கூடவே இருக்கிறது. அந்தக் கட்டாயக் காப்புறுதி பிறருக்கு நேரும் மரணத்தையும் காயத்தையும் முதன்மையாகக் கருதி ஏற்பட்டது. ஓட்டியவரின் முறிந்த காலுக்கோ அவருடைய வண்டியின் சேதத்துக்கோ அதிலிருந்து ஒரு சதமும் வராது. முழுமையான காப்புறுதி எடுத்தவருக்குச் சொந்த வண்டியின் சேதமும் அடங்கும், ஆனால் பொலிஸியில் எழுதப்பட்ட பாவனையின் எல்லைக்குள் மட்டுமே.

மலையகத்தில் நான் அதிகம் காண்பது மோட்டார் சைக்கிள் விவகாரங்களையே. நுண்கடன் நிறுவனங்களின் வெளிக்கள உத்தியோகத்தர்களும் விற்பனைப் பிரதிநிதிகளும் லீசிங்கில் வாங்கிய சொந்த மோட்டார் சைக்கிளில் தோட்டம் தோட்டமாக அலைகிறார்கள். பெற்றோல் காசு தரும் நிறுவனம் காப்புறுதியையும் பார்த்துக்கொள்ளும் என்று அவர்களாகவே நினைத்துக்கொள்கிறார்கள். நிறுவனமோ பெரும்பாலும் அதைப் பற்றிப் பேசுவதே இல்லை.

பொகவந்தலாவைப் பக்கம், மழை விட்டும் பனிமூட்டம் விலகாத ஒரு மாலையில், கடன் தவணை சேகரித்துவிட்டுத் திரும்பிய ஓர் இளைஞர் வளைவில் சறுக்கி, எதிரே வந்த ஓட்டோவில் மோதினார். ஓட்டோவின் முன்பக்கம் நசுங்கியது; அவருடைய முழங்கால் எலும்பு உடைந்தது. வைத்தியசாலையில் நான் அவரைச் சந்தித்தபோது, “சேர், நான் கம்பனி வேலையாகத்தானே போனேன், கம்பனி கட்டும்தானே?” என்று கேட்டார். கிளை முகாமையாளரோ, வண்டி உங்களுடையது, அதில் எங்களுக்குச் சம்பந்தமில்லை என்று தொலைபேசியில் சொல்லியிருந்தார். இரண்டிலும் பாதி உண்மை இருந்தது. சொந்த வண்டியின் சேதம் உரிமையாளரின் பொலிஸியைப் பொறுத்த விடயம். ஆனால் ஊழியர் தம் கடமையின்போது பிறருக்கு ஏற்படுத்தும் சேதத்துக்கு, வண்டி யாருடையதாயினும், தொழில் வழங்குநரையும் பொறுப்பாளியாக்கி வழக்குத் தொடரச் சட்டத்தில் இடமுண்டு. ஊழியரின் சொந்தக் காயத்துக்கு 1934ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கத் தொழிலாளர் நட்டஈட்டுக் கட்டளைச் சட்டம் இருக்கிறது. அங்கே முக்கியமாக ஆராயப்படுவது, காயம் தொழிலின் காரணமாக, தொழிலின்போது ஏற்பட்டதா என்பதே.

இதற்கிடையில் கட்டிலருகே நின்ற நண்பர் ஒருவர், “மச்சான், சொந்தக்காரர் வீட்டுக்குப் போனதாக எழுது, வேலை என்று எழுதினால் க்ளெய்ம் போய்விடும்” என்றார். இந்த அறிவுரையை மட்டும் நான் எத்தனையோ முறை கேட்டுவிட்டேன். சொல்பவர்கள் நல்லெண்ணத்தோடுதான் சொல்கிறார்கள். மோட்டார் சைக்கிளைக் காப்பாற்றுவதற்காகத் தனிப்பட்ட பயணம் என்று கையொப்பமிட்டுக் கொடுத்தவர், பின்னர் அதே பயணத்தை வேலைப் பயணம் என்று காட்டி முழங்காலுக்கு நட்டஈடு கோர வேண்டியவராக இருக்கிறார். முதலில் எழுதிய பொய்யே அப்போது அவருக்கு எதிரான சாட்சியாக எழுந்து நிற்கும். அதுவன்றி, பையில் தவணைப் பற்றுச்சீட்டுகளும் பொலிஸில் கொடுத்த வாக்குமூலமும் இருக்கையில், காப்புறுதிக் கம்பனி உண்மையை அறிந்துகொள்ள அதிக நாள் எடுக்காது; தவறான தகவல் தந்தார் என்ற ஒரே காரணத்தால் முழுக் கோரிக்கையும் நிராகரிக்கப்படலாம். மதிப்பீட்டாளர் எவருக்கும் சார்பாக ஆலோசனை கூறக்கூடாது. நடந்ததை நடந்தபடி எழுதுங்கள் என்று மட்டும் சொன்னேன்.

உண்மையில் அவருடைய பொலிஸி அவருக்குத் தடையாகவே இருக்கவில்லை. தனியார் பாவனைப் பொலிஸிகள் பலவற்றில், காப்புறுதி செய்தவர் தாமே தம் தொழில் தொடர்பாக வாகனத்தைப் பயன்படுத்துவது அனுமதிக்கப்பட்டிருக்கிறது. வாடகைக்கு ஓட்டுவதும் வியாபாரப் பொருட்களை ஏற்றுவதும்தான் பொதுவாக விலக்கப்படுகின்றன. வாசகம் கம்பனிக்குக் கம்பனி மாறுபடும் என்பதால், செய்யும் வேலையைச் சொல்லி எழுத்தில் பதில் வாங்கி வைப்பது நல்லது. அண்ணனின் பெயரில் உள்ள வண்டியைத் தம்பி தன் வேலைக்கு ஓட்டினால், “காப்புறுதி செய்தவர் தாமே” என்ற அந்தச் சொற்களிலேயே சிக்கல் தொடங்கிவிடும்.

கம்பனி வாகனத்தில் சிக்கல் வேறு பக்கத்திலிருந்து வருகிறது. உரிமையாளரின் அனுமதியுடன், உரிய சாரதி அனுமதிப்பத்திரம் உள்ள எவரும் ஓட்டலாம் என்றே அநேகமான பொலிஸிகள் கூறுகின்றன. ஞாயிற்றுக்கிழமை பண்டாரவளையில் நடந்த ஒரு கல்யாணத்துக்குக் கம்பனி கெப் வண்டியைக் கொண்டுபோனவர், தொரை, அதாவது மேலதிகாரி, வாய்மொழியாகச் சரி என்றதை நம்பியிருந்தார். மண்சரிவுக்கு அருகே வண்டி உருண்ட பிறகு, தொரைக்கு அப்படிச் சொன்ன ஞாபகமே இல்லை. தன்பொறுப்புத் தொகையையும், அதாவது கோரிக்கையில் காப்புறுதி செய்தவர் தாமே ஏற்க வேண்டிய பங்கையும், அவரிடமே கேட்டார்கள். கார் போன்ற வாகனங்களுக்கான பி வகுப்பு அனுமதிப்பத்திரத்தோடு லொறியை ஓட்டுவது இதைவிடப் பெரிய ஆபத்து. அதில் அனுமதிக் கடிதம்கூட உதவாது.

தனியார் வேனில் மாதக் கட்டணம் பேசி ஊழியர்களை ஏற்றுவது வாடகைப் பாவனை. உழவு இயந்திரத்தின் பின்னால் டிரெயிலரில் கொழுந்து பறிக்கும் பெண்களை ஏற்றிச் செல்வதைப் பற்றி என்ன சொல்வது? டிரெயிலர் பொலிஸியில் குறிக்கப்பட்டிருக்கிறதா, ஆட்களை ஏற்ற அனுமதி உண்டா என்பதைத் தோட்ட அலுவலகத்தில் எவரும் பார்த்திருக்க மாட்டார்கள். தொழிற்சங்கத் தலைவர்கள் சம்பளத்தோடு சேர்த்து இதையும் கேட்டால் நன்றாயிருக்கும்.

கோரிக்கை நிராகரிக்கப்பட்டால் காரணத்தை எழுத்தில் கேளுங்கள். அதன்பின் கம்பனியின் மேலிடத்துக்கும், அங்கும் தீராவிட்டால் காப்புறுதிக் குறைகேள் அதிகாரிக்கும் முறையிடலாம்.

அந்த இளைஞரின் மோட்டார் சைக்கிளுக்குத் தன்பொறுப்புத் தொகை போக மீதி கிடைத்தது. முழங்கால் விடயத்தில் நிறுவனம் முதலில் மறுத்தது. அவர் வேலை நேரத்தில் இருக்கவில்லை என்றது. எந்த லயத்துக்கு (தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகளுக்கு) எத்தனை மணிக்குச் சென்றார் என்று அன்றைய தினக் குறிப்புத் தாளில் அவர் தம் கையாலேயே எழுதி வைத்திருந்தார். கடைசி வரி மாலை 4.40. அந்தத் தாளின் பிரதியைத்தான் அவர் தொழிலாளர் நட்டஈட்டு விண்ணப்பத்தோடு இணைத்தார்.