ஃப்ளோரிடால காண்டோ வாங்குறதுக்கு முன்னாடி ரிசர்வ் சட்டத்த தெரிஞ்சுக்கோங்க

மாச மெயின்டனன்ஸ் கம்மின்னு பாத்து காண்டோ (அடுக்குமாடி கட்டடத்துல சொந்தமா வாங்குற வீடு) வாங்காதீங்க, ரிசர்வ்ல, அதாவது பெரிய ரிப்பேருக்குன்னு அசோசியேஷன் சேத்து வைக்கிற பணத்துல, எவ்ளோ இருக்குன்னு மொதல்ல கேளுங்க. கூரை, வெளிச்சுவர் பெயிண்ட், வாட்டர்ப்ரூஃபிங் எல்லாம் அசோசியேஷன் பொறுப்பு, அசோசியேஷன்னா அங்க வீடு வச்சிருக்குற எல்லாரும்தான், அதனால செலவும் உங்க தலைலதான் வரும்.

2021 ஜூன் 24 அதிகாலைல, மயாமி பக்கத்துல இருக்குற சர்ஃப்சைடுல சாம்ப்ளைன் டவர்ஸ் சவுத்ங்கிற 12 மாடி கட்டடத்துல ஒரு பகுதி அப்படியே இடிஞ்சு விழுந்து 98 பேர் செத்துப்போனாங்க. நீச்சல் குளத்து தளத்துல வாட்டர்ப்ரூஃபிங் போயி, கீழ கான்க்ரீட் மோசமா கெட்டிருக்குன்னு 2018லயே இன்ஜினியர் ரிப்போர்ட் குடுத்தாச்சு. ரிப்பேருக்கு தேவை சுமார் 1.5 கோடி டாலர், ரிசர்வ்ல 10 லட்சம் கூட இல்ல. பேசிப்பேசி 2021 ஏப்ரல்லதான் ஸ்பெஷல் அசெஸ்மென்ட், அதாவது மாசக்கட்டணத்துக்கு மேல தனியா கட்டச் சொல்ற பணம், போட்டாங்க, வீட்டுக்கு 80 ஆயிரம் டாலர்ல இருந்து 3 லட்சத்துக்கு மேல வரைக்கும். அந்தப் பணம் வர்றதுக்குள்ள கட்டடமே போயிடுச்சு. இத நெனச்சா இப்பவும் மனசு ஆற மாட்டேங்குது.

அதுக்கப்புறம் 2022ல சட்டம் வந்துச்சு. 3 மாடியும் அதுக்கு மேலயும் உள்ள காண்டோக்களுக்கு 30 வருஷம் ஆனதும் கட்டடம் உறுதியா இருக்கான்னு பாக்குற மைல்ஸ்டோன் இன்ஸ்பெக்‌ஷன், பிறகு 10 வருஷத்துக்கு ஒரு தடவ. உப்புக்காத்து படுற இடம்னா உள்ளூர் நிர்வாகம் 25 வருஷத்துலயே கேக்கலாம். இதோட எஸ்ஐஆர்எஸ்னு ரிசர்வ் ஸ்டடி ஒண்ணும் 10 வருஷத்துக்கு ஒருக்கா கட்டாயம். கூரை, ஸ்ட்ரக்சர், ப்ளம்பிங், எலக்ட்ரிக்கல், வெளிப்பக்க பெயிண்ட், ஜன்னல்னு ஒவ்வொண்ணும் இன்னும் எத்தன வருஷம் தாங்கும், மாத்த எவ்ளோ ஆகும்னு அதுல வந்துடும்.

கணக்கு சிம்பிள். கூரை மாத்த 6 லட்சம் டாலர், 10 வருஷம் தாங்கும், கைல 1 லட்சம் இருக்குன்னு வைங்க. மீதி 5 லட்சத்துக்கு வருஷம் 50 ஆயிரம், 100 வீட்டுக்கு சமமா பிரிச்சா வீட்டுக்கு வருஷம் 500தான். இத வருஷாவருஷம் கட்டாம விட்டாதான் ஒரே நாள்ல 5,000 கட்டுன்னு நோட்டீஸ் வரும், ரிட்டயர் ஆனவங்க எங்க போவாங்க சொல்லுங்க.

முன்னாடி ஓனருங்க ஓட்டு போட்டு ரிசர்வே வேணாம்னு தள்ளிடலாம். 2024 டிசம்பர் 31ல இருந்து போடுற பட்ஜெட்டுல எஸ்ஐஆர்எஸ் பொருளுக்கு அது நடக்காது. இதனால மாசக்கட்டணம் ஏறி நெறைய பேர் கஷ்டப்பட்டாங்கன்றதும் உண்மை, அதான் 2025ல கொஞ்சம் தளர்த்தி, மெஜாரிட்டி ஒத்துக்கிட்டா கடன் வாங்கியும் ரிசர்வ ஈடு கட்டலாம்னு விட்டாங்க. கடனுக்கு வட்டி இருக்கு, சேத்து வைக்கிறதுதான் நல்லதுன்னு நான் சொல்வேன்.

தனி வீடுங்க இருக்குற குடியிருப்போட அசோசியேஷனுக்கு (ஹெச்ஓஏ) இந்த கட்டாயம் இல்ல, அங்க நீங்கதான் விசாரிக்கணும். காண்டோன்னா எஸ்ஐஆர்எஸ், மைல்ஸ்டோன் ரிப்போர்ட், பட்ஜெட் மூணையும் வாங்கிப் படிங்க, கடைசி ஒண்ணு ரெண்டு வருஷ அசோசியேஷன் மீட்டிங் மினிட்ஸையும் (கூட்டத்துல பேசுனத எழுதி வைக்கிற குறிப்பு) கேளுங்க, வரப்போற அசெஸ்மென்ட் பத்தின பேச்சு பெரும்பாலும் அதுலதான் மொதல்ல தெரியும்.