மரப்பட்டையில் வடியும் நிக்கல்

ஆஸ்திரேலியாவுக்குக் கிழக்கே, பிரான்சின் ஆட்சியிலுள்ள பசிபிக் தீவான நியூ கலிடோனியாவின் மழைக்காட்டில் ஒரு மரம் உண்டு. பட்டையைக் கீறினால் நீலமும் பச்சையும் கலந்த பால் வடியும். அந்த நிறம் நிக்கலுடையது. பாலைக் காயவைத்து எடை பார்த்தால் ஏறக்குறைய கால் பங்கு நிக்கல்தான். தாவரவியலார் வைத்த பெயர் பிக்னாண்ட்ரா அக்யூமினாட்டா. அங்குள்ள பிரெஞ்சுக்காரர்களுக்கு அது வெறும் 'நீலச் சாறு'.

பெரும்பாலான செடிகளுக்கு இத்தனை நிக்கல் நஞ்சு. மரத்துக்கு அது மண்ணிலிருந்து வந்தது. சரி, மண்ணுக்கு எங்கிருந்து வந்தது?

பசிபிக் தீவு என்றதும் எரிமலையோ பவளமோதான் நினைவுக்கு வரும். இந்தத் தீவு இரண்டும் இல்லை. சுமார் 8 கோடி ஆண்டுகளுக்கு முன் கோண்டுவானா என்னும் பழம்பெருங்கண்டத்திலிருந்து பிய்ந்து, பெரும்பகுதி கடலில் மூழ்கிப்போன சீலாந்தியா கண்டத்தின் வடக்குத் துண்டு இது. பூமியின் மேற்பரப்பு நகரும் பாறைத்தட்டுகளால் ஆனது; கடலடித் தட்டும் கண்டத்தட்டும் மோதினால், கனமான கடல்தட்டுதான் வழக்கமாக அடியில் போகும். இங்கே கண்டத்தின் விளிம்பு கடல்தட்டுக்குக் கீழே இழுபட்டது. லேசான பாறை அது; கொஞ்ச தூரம் அமிழ்ந்ததும் சிக்கிக்கொண்டது. கடல்தட்டோ தன் அடியிலிருந்த மேன்டில் (பூமியின் மேலோட்டுக்குக் கீழுள்ள அடுக்கு) பாறையையும் சுமந்தபடி அதன் முதுகில் ஏறிவிட்டது. இது நடந்து ஏறத்தாழ 3.5 கோடி ஆண்டுகள் ஆகின்றன. பல கிலோமீட்டர் ஆழத்தில் கிடக்கவேண்டிய, பெரிடோடைட் எனப்படும் அந்த மேன்டில் பாறை, இன்று கிராந்த் தேர் என்னும் 400 கிலோமீட்டர் நீளப் பெருந்தீவில் மூன்றில் ஒரு பங்கை மூடியிருக்கிறது. மேன்டிலின் மேல் செருப்புக்காலோடு நடக்கலாம்!

அப்புறம் மழையின் வேலை. மழைநீர் மக்னீசியத்தையும் சிலிக்காவையும் கரைத்துக்கொண்டு போனது. கரையாத இரும்பு மேலே செம்மண்ணாகத் தங்கியது. பெரிடோடைட்டில் இருந்த நிக்கல் நீரோடு கீழே இறங்கி, சிதைந்த பாறையில் பச்சையாகப் படிந்தது. 1864இல் பிரெஞ்சுப் பொறியாளர் ழூல் கார்னியே கண்ட அந்தத் தாதுவுக்கு அவர் பெயரே நிலைத்தது: கார்னியரைட். பிறகு சுரங்கங்கள் வந்தன. மலைகள் சிவப்பாய் உரிந்து நிற்கின்றன, மழைக்காலத்தில் வண்டல் கடற்காயலுக்கு இறங்குகிறது.

இந்த மண்ணில் பாஸ்பரஸ், பொட்டாசியம், கால்சியம் எல்லாமே பற்றாக்குறை; உலோகம் மட்டும் மிகுதி. வெளியிலிருந்து வரும் செடிகள் எளிதில் வேர்பிடிப்பதில்லை. பழகிக்கொண்டவை தனித்தனி இனங்களாகப் பிரிந்து பெருகின. தீவின் தாவர இனங்களில் நான்கில் மூன்று பங்கு வேறெங்கும் கிடையாது. உலகத்தில் இருபது சொச்சம் அரவுக்காரியா (ஊசியிலை மர வகை) இனங்கள். அதில் 14 இங்கே மட்டும்.

கிழக்கே லாயல்டி தீவுகளில் கதையே வேறு. அங்கே காடு நிற்பது பவளச் சுண்ணாம்பின் மேல். அருகிலுள்ள வனுவாட்டு தீவுநாட்டுக்கு அடியில் நுழையும் முன் ஆஸ்திரேலியத் தட்டு சற்றே மேல்நோக்கி வளைகிறது. அந்த வளைவில் பழைய பவளத்தீவுகள் தூக்கப்பட்டுவிட்டன. மாரே தீவில் பழைய பவளப்பாறை கடல்மட்டத்துக்கு மேல் நூறு மீட்டருக்கும் உயரத்தில், மரங்களுக்கு நடுவே கிடக்கிறது.