டைனமிக் ஈக்யூ: இயங்கு சமனாக்கம்

ஒலிக்கலவை செய்பவர்கள் 'ஈக்யூ' என்று சுருக்கும் ஈக்வலைசேஷன், பாட்டுக்காகப் பிறந்த சொல் அல்ல; தொலைபேசிக் கம்பியோடு வந்தது. நீண்ட கம்பியில் போகும் குரலில் உயர் அதிர்வெண்கள் தேய்ந்துவிடும். தேய்ந்ததை ஏற்றி எல்லாவற்றையும் ஒரே மட்டத்துக்குக் கொண்டுவந்த சுற்றுக்கு ஈக்வலைசர் என்று பெயர் வைத்தார்கள். பதிவுக்கூடத்துக்கு வந்ததும் அதன் வேலை மாறிவிட்டது. வேண்டிய அதிர்வெண்களைத் தூக்கி வேண்டாதவற்றைத் தாழ்த்துகிறோம். சமமாக இருப்பதைக் கலைக்கவும் அதுதான் கருவி. பெயர் மட்டும் மாறவில்லை.

'டைனமிக்' கிரேக்க மூலத்தில் ஆற்றலைக் குறிக்கும். இசையில் மெல்லப் பாடுவது, உரக்கப் பாடுவது என்ற வலிமை வேறுபாட்டுக்கு வழங்குகிறது. இங்கே கவனிக்க வேண்டிய பொருள் இதுதான்.

சாதாரண ஈக்யூவில் 200 ஹெர்ட்ஸில் 4 டெசிபல் குறைத்தால், பாட்டு முடியும்வரை அது குறைந்தே இருக்கும். ஆனால் பாடகர் மைக்கை நெருங்கும் சில இடங்களில் மட்டும்தானே அடிக்குரல் தடிக்கிறது? அதற்காகப் பாட்டு முழுக்க வெட்டினால் மற்ற வரிகளில் குரல் மெலிந்துபோகும். டைனமிக் ஈக்யூ அந்த அதிர்வெண் பட்டையின் மட்டத்தைக் கேட்டுக்கொண்டே இருக்கும். நாம் வைத்த எல்லை மட்டத்தை, அதாவது த்ரெஷோல்டைத் தாண்டினால் அழுத்தும், தணிந்தால் விட்டுவிடும். எவ்வளவு வேகமாக அழுத்துவது என்பது அட்டாக், எவ்வளவு வேகமாக விடுவது என்பது ரிலீஸ். 'ஸ்', 'ஷ்' சீறலை அடக்கும் டி-எஸ்ஸர் இதற்கு நெருங்கிய உறவு. மல்டிபேண்ட் கம்ப்ரசரும் ஏறக்குறைய இதே வேலையைச் செய்யும். ஆனால் அது ஒலியைப் பட்டைகளாகப் பிரித்து, தனித்தனியே அழுத்தி, மறுபடி சேர்க்கும். குறுகலான ஓர் இடத்தை மட்டும் தொட டைனமிக் ஈக்யூவே வசதி.

தமிழில்? 'மாறும் சமனாக்கம்' போதாது. ஆட்டோமேஷனில், அதாவது பாட்டின் எந்த இடத்தில் எவ்வளவு என்று முன்கூட்டியே நாமே வரைந்துவைக்கும் ஈக்யூவும் மாறத்தான் செய்கிறது. ஆனால் அது ஒலியைக் கேட்டு மாறுவதில்லை. இங்கே நம் இலக்கணம் கைகொடுக்கிறது: இயங்கு தன்வினை, இயக்கு பிறவினை. நாம் நகர்த்துவது இயக்கு சமனாக்கம். ஒலியின் வலிமைக்கேற்பத் தானே நகர்வது இயங்கு சமனாக்கம். ஓர் எழுத்து வேறுபாட்டில் இரண்டும் பிரிந்துவிடுகின்றன.

கூடத்தில் 'டைனமிக் ஈக்யூ' என்றே சொல்வார்கள், சொல்லட்டும். எழுதுபவர்கள் த்ரெஷோல்டுக்கும் புதுச்சொல் தேட வேண்டியதில்லை. பள்ளி இயற்பியலில் த்ரெஷோல்டு ஃப்ரீக்வென்சிக்குப் 'பயன்தொடக்க அதிர்வெண்' இருக்கிறது. அதையொட்டி 'பயன்தொடக்க மட்டம்' எனலாம்.