எப்.ஐ.ஆரில் தலைவர் பெயர் இருக்காது

"நாங்கள் ராஜியாகிவிட்டோம், கேஸை வாபஸ் வாங்கிக் கொடுங்கள் வக்கீல் சார்." தேர்தல் முடிந்து மாதங்கள் கழித்து, ஒரே மோட்டார் சைக்கிளில் வந்து இறங்கும் புகார்தாரரும் குற்றம்சாட்டப்பட்ட எதிரியும் என்னிடம் சொல்வது இது. ராயபுரம், காசிமேடு, தண்டையார்பேட்டை, வியாசர்பாடி என்று இடம் மாறும், கட்சி மாறும், இந்த வேண்டுகோள் மட்டும் மாறாது. கடந்த வாரமும் கேட்டேன். இந்த முறை அவர்களோடு ஓர் இளைஞனும் அவனுடைய அம்மாவும் வந்திருந்தார்கள். பையன் இரண்டாம் நிலைக் காவலர் தேர்வில் எழுத்துத் தேர்வும் உடற்தகுதித் தேர்வும் தேறிவிட்டான். நன்னடத்தைச் சரிபார்ப்பில் நிற்கிறான். படிவத்தில் ஒரு கேள்வி: உங்கள் மீது குற்ற வழக்கு ஏதேனும் உண்டா?

உண்டு. ஒரு பிரதமர் நன்றாக ஆண்டாரா இல்லையா என்ற பேச்சில் பிறந்த வழக்கு.

அடையாளங்களை மாற்றிவிட்டுச் சொல்கிறேன். 2024 மக்களவைத் தேர்தலில் தமிழ்நாட்டு வாக்குப்பதிவு ஏப்ரல் 19, வாக்கு எண்ணிக்கை ஜூன் 4. காசிமேட்டில் இருப்பவர்களுக்கு இந்தத் தேதிகள் உடனே வேறொன்றை நினைவூட்டும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம். 61 நாள் விசைப்படகுகள் துறைமுகத்தில் கட்டிக் கிடக்கும். வலை பின்னுகிறவர்கள், இன்ஜின் பழுது பார்க்கிறவர்கள், வேலையே இல்லாதவர்கள் எல்லோரும் கரையில்தான். கையில் காசு குறைவு, நேரம் அதிகம். வாக்குப்பதிவும், முடிவுக்கான காத்திருப்பும், முடிவும் அந்த நாட்களுக்குள்ளேயே வந்தன. கோடைத் தேர்தல் காலத்தில் எங்கள் பகுதியில் சண்டைகள் கூடுவதற்கு இது ஒரு காரணம் என்பது என் கணிப்பு.

ஜூன் 4 இரவு, டீக்கடை. இரண்டு பேர், பக்கத்துப் பக்கத்து வீடு, ஒருவரையொருவர் மாமா, மாப்பிள்ளை என்று கூப்பிடுகிறவர்கள். ஒருவர் சொன்னார்: 303 இடத்திலிருந்து 240க்கு இறங்கிவிட்டார், கூட்டணிக் கட்சிகள் இல்லாமல் ஆட்சி இல்லை, மக்கள் தீர்ப்பு சொல்லிவிட்டார்கள். மற்றவர் சொன்னார்: நேருவுக்குப் பிறகு தொடர்ந்து மூன்றாவது முறை பிரதமராகிற ஒரே ஆள், இதைத் தோல்வி என்று எவன் சொல்வான்? பேச்சு காங்கிரசுக்குப் போனது. 52லிருந்து 99க்கு ஏறியிருக்கிறது என்றார் முதலாமவர். நூறைக்கூடத் தொடவில்லையே என்றார் இரண்டாமவர். பிறகு தமிழ்நாடு. 39 தொகுதியில் பா.ஜ.க.வுக்கு ஒன்றுகூட இல்லை என்றார் ஒருவர். நான்கு சதவீதத்துக்கும் கீழே இருந்த வாக்கு 11 சதவீதத்தைத் தாண்டிவிட்டது என்றார் மற்றவர். 2019ல் ஐந்து தொகுதியில் நின்ற கட்சி இந்த முறை இருபதுக்கும் மேற்பட்ட தொகுதிகளில் நின்றது, கூடாமல் என்ன செய்யும் என்றார் முதலாமவர்.

வழக்குக் கட்டைப் படித்துவிட்டு இருவரிடமும் தனித்தனியாகக் கேட்டேன். அன்று இருவரும் சொன்ன புள்ளிவிவரம் அத்தனையும் சரி. ஒருவர் இடத்தை எண்ணினார், மற்றவர் வாக்கை எண்ணினார். இந்த வேறுபாட்டில் ஒரு நாட்டின் அரசியலே நடக்கிறது. 1977ல் வடமாநிலங்கள் இந்திரா காந்தியைத் தோற்கடித்து அனுப்பியபோது, தமிழ்நாடு பெரும்பாலான தொகுதிகளை அவருடைய கூட்டணிக்கே கொடுத்தது. ஒரே தலைவர், ஒரே தேர்தல், எதிரெதிர் தீர்ப்பு. நாடு அதைத் தாங்கிக்கொண்டது. ஒரு டீக்கடை பெஞ்சால் தாங்க முடியவில்லை.

டம்ளர் பறந்தது. நெற்றியில் நான்கு தையல். ஸ்டான்லி மருத்துவமனையில் பணி மருத்துவர் தன் கடமைப்படி விபத்துப் பதிவேட்டில் எழுதினார்: தெரிந்த ஒரு நபரால் கண்ணாடி டம்ளரால் தாக்கப்பட்டதாகச் சொல்கிறார். அந்த ஒரு வரி எழுதப்பட்ட நிமிடத்தில் விஷயம் உங்கள் இருவரின் கையை விட்டுப் போய்விட்டது. மருத்துவமனையிலிருந்து போலீசுக்குத் தகவல் போகும். போலீஸ் வாக்குமூலம் வாங்கும். எப்.ஐ.ஆரில் 240ம் இருக்காது, 303ம் இருக்காது, பிரதமர் பெயரும் இருக்காது. "அசிங்கமான வார்த்தைகளால் திட்டி, கையிலிருந்த கண்ணாடி டம்ளரால் நெற்றியில் அடித்து ரத்தக்காயம் ஏற்படுத்தி, கொலை செய்துவிடுவேன் என்று மிரட்டியதாக" என்று இருக்கும். கீழே உங்கள் பெயர், அப்பா பெயர், கதவு எண்.

அந்தப் பையன் எங்கே வந்தான் என்கிறீர்களா? அடிபட்டவரின் அக்கா மகன் அவன். மறுநாள் காலை நண்பர்களோடு "நியாயம் கேட்க" அடித்தவர் வீட்டு வாசலுக்குப் போனான். அவனைச் சேர்த்து ஆறு பேர். ஐந்து பேர் சேர்ந்து மிரட்டவோ தாக்கவோ போனால் அது சட்டவிரோதக் கூட்டம். அதில் ஒருவன் கல்லை எடுத்து ஜன்னலில் எறிந்தால் அது கலவரம், கை கட்டி நின்றவனுக்கும் அதில் பங்கு உண்டு. அந்த வீட்டாரும் புகார் கொடுத்தார்கள். ஒரு சண்டை, இரண்டு வழக்கு. பையன் மூன்றாவது எதிரி.

இப்போது ராஜிக்கு வருகிறேன். இதைச் சொல்லிச் சொல்லி எனக்குத் தொண்டை வறண்டுவிட்டது, தயவுசெய்து கவனமாகப் படியுங்கள். எப்.ஐ.ஆர். பதிவான வழக்கு புகார் கொடுத்தவருடைய சொத்து இல்லை. அதை நடத்துவது அரசு. வழக்கின் தலைப்பைப் பாருங்கள், "மாநில அரசு, எதிராக இன்னார்" என்றுதான் இருக்கும். நீங்கள் கட்டிப்பிடித்துச் சமாதானம் ஆகலாம், சேர்ந்து மாலை போட்டுச் சபரிமலைக்குப் போகலாம், சம்பந்தியே ஆகலாம். வழக்கு அதன் பாட்டுக்கு நடக்கும். கையால் அடித்த சாதாரணக் காயம் போன்ற சில குற்றங்களை நீதிமன்றத்தில் ராஜி செய்துகொள்ளச் சட்டம் இடம் கொடுக்கிறது. பொது இடத்தில் ஆபாசமாகத் திட்டுவது அந்தப் பட்டியலில் இல்லை. ஆயுதத்தால் காயப்படுத்துவது இல்லை. கலவரம் இல்லை. டம்ளர் எப்படி சார் ஆயுதமாகும் என்று கேட்கிறார்கள். உடைந்து வெட்டினால் ஆகும். 2024 ஜூலை 1 முதல் இந்திய தண்டனைச் சட்டத்தின் இடத்தில் பாரதிய நியாய சன்ஹிதா வந்துவிட்டதால் கேஸ் பலமில்லை என்று ஒருவர் வாதாடிப் பார்த்தார். பிரிவு எண்தான் மாறியது. ஆபாசமாகத் திட்டுவதற்கான 294(பி) என்பது 296(பி) ஆனது, ஆயுதத்தால் காயப்படுத்துவதற்கான 324 என்பது 118(1) ஆனது. அதற்கு முந்தைய குற்றங்கள் பழைய சட்டப்படியே நடக்கும்.

ராஜியாகாத பிரிவு என்றால் வழி ஒன்றுதான்: உயர் நீதிமன்றத்தில் ரத்து மனு. தனிப்பட்ட தகராறுகளில் சமரசத்தின் பேரில் ரத்து செய்யலாம் என்று உச்ச நீதிமன்றம் 2012ல் கியான் சிங் வழக்கில் சொல்லியிருக்கிறது. இரு தரப்பும் பிரமாணப் பத்திரம் தர வேண்டும், செலவாகும், காலமாகும், நீதிபதி திருப்தியடைய வேண்டும். இரண்டு வழக்கு என்றால் இரண்டு மனு.

சாட்சி சொல்லாமல் விட்டுவிட்டால் விடுதலைதானே என்று அந்த அம்மா கேட்டார். அம்மா, விடுதலை கிடைக்கும். ஆனால் தமிழ்நாட்டுக் காவலர் பணி விதி 14(பி), சந்தேகத்தின் பலனால் விடுதலையானவரையும், புகார்தாரர் நீதிமன்றத்தில் சொல்லை மாற்றிப் பிறழ்சாட்சியானதால் விடுதலையானவரையும் குற்ற வழக்கில் சம்பந்தப்பட்டவராகவே கருதச் சொல்கிறது. மெட்ராஸ் உயர் நீதிமன்றத்தின் மூன்று நீதிபதிகள் அமர்வு 2008ல் அதை உறுதிசெய்துவிட்டது. எதிர்த்தரப்பை பிறழவைத்து வெளியே வருவது சாமர்த்தியம் என்று தெருவில் யாரோ சொல்லிக்கொடுக்கிறார்கள். சீருடைப் பணிக்குப் படிக்கிற பையனுக்கு அதைவிடக் கெட்ட யோசனை கிடையாது. வடசென்னை முகவரி என்றாலே ஒரு மாதிரி பார்க்கிறவர்கள் இருக்கிற ஊர் இது. அந்தப் பார்வையைத் தாண்டிப் படித்து, ஓடி, கயிறு ஏறித் தேர்வானவன் அவன். எனக்கு உண்மையிலேயே மனம் ஆறவில்லை.

இதைப் படித்துவிட்டு அரசியலே பேசாதீர்கள் என்று நான் சொல்வதாக யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். பேசுங்கள். பிரதமரைத் திட்டினாலே தேசத்துரோக வழக்கு வரும் என்று பயந்து வாயை மூடிக்கொள்கிறவர்களையும் பார்க்கிறேன், அதுவும் தவறு. அரசை விமர்சிப்பது குற்றமில்லை என்று உச்ச நீதிமன்றம் 1962லேயே கேதார்நாத் சிங் வழக்கில் சொன்னது. பிரதமரை விமர்சித்த பத்திரிகையாளர் வினோத் துவா மீதான வழக்கை 2021ல் ரத்து செய்தபோது மறுபடியும் சொன்னது. பண மதிப்பிழப்பால் உங்கள் தொழில் என்ன ஆனது என்று கேளுங்கள், ஜி.எஸ்.டி.யை எதிர்த்தும் ஆதரித்தும் பேசுங்கள், அடுத்த தேர்தலில் கட்சி தேறாது என்று சொல்லுங்கள். அது உங்கள் உரிமை. தலைவரின் மதத்தை, சாதியை, வீட்டுப் பெண்களை இழுக்கும்போதுதான் வேறு பிரிவுகள் வந்து சேர்கின்றன.

வாட்ஸ்அப்பில் "நான் எழுதவில்லை, வந்ததை அனுப்பினேன்" என்ற சமாதானம் செல்லாது. பெண் பத்திரிகையாளர்களைப் பற்றிய இழிவான பதிவைப் பகிர்ந்த எஸ்.வி.சேகர் அதைத்தான் சொன்னார். பகிர்ந்தவரே பொறுப்பு என்றது மெட்ராஸ் உயர் நீதிமன்றம் 2023ல். அடுத்த ஆண்டு ஒரு மாதச் சிறைத்தண்டனை விதிக்கப்பட்டது.

பந்தயம் கட்டுகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. 2024 ஜூன் 1 மாலை கருத்துக்கணிப்புகளில் பல, ஆளும் கூட்டணிக்கு 350க்கு மேல் என்றன. வந்தது 293. அந்த மூன்று நாளில் வண்டியை வைத்துப் பந்தயம் கட்டி, இருபது ரூபாய் முத்திரைத்தாளில் கையெழுத்தும் போட்டவர்கள் உண்டு. இந்திய ஒப்பந்தச் சட்டம் 1872, பிரிவு 30: பந்தய ஒப்பந்தம் செல்லாது. ஜெயித்தவர் வழக்குப் போட்டு வாங்க முடியாது. தோற்றவர் வீட்டு வாசலிலிருந்து வண்டியைத் தள்ளிக்கொண்டு போனால் அவர் மீது வழக்கு வரும்.

செய்ய வேண்டியது என்ன? குரல் உயர்ந்தால் டீக்கு காசு கொடுத்துவிட்டு எழுந்து போங்கள். அடிபட்டால் முதலில் சிகிச்சை, என்ன நடந்ததோ அதை மட்டும் சொல்லுங்கள், கோபத்தில் இன்னும் நான்கு பேர் பெயரைச் சேர்க்காதீர்கள். கூட்டமாக யார் வீட்டுக்கும் போகாதீர்கள், படிக்கிற பிள்ளைகளை அனுப்பவே அனுப்பாதீர்கள். காயமில்லாத வாய்த்தகராறுக்குப் புகார் கொடுத்தால் பெரும்பாலும் முதலில் சி.எஸ்.ஆர். ரசீது, அதாவது வழக்குப் பதியாமல் புகாரைப் பெற்றதற்கான ஒப்புகை, தருவார்கள். சமாதானம் பேச வேண்டிய நேரம் அதுதான், அந்த ஓரிரு நாள்தான். தெருவில் பெரியவர்கள் இருக்கிறார்கள், பங்குத்தந்தை இருக்கிறார், ஊர்ப் பஞ்சாயத்தார் இருக்கிறார்கள். அவர்களை அன்றே கூப்பிடுங்கள், ஒன்றரை வருடம் கழித்து என்னைக் கூப்பிடுவதற்கு முன்.

வழக்கு ஏற்கெனவே இருந்தால் எந்தப் படிவத்திலும் மறைக்காதீர்கள். வழக்கைவிட மறைத்ததுதான் வேலையைப் பறிக்கும். வக்கீல் வைக்க வசதியில்லை என்றால் 15100 என்ற எண்ணில் சட்டப்பணிகள் ஆணைக்குழுவைக் கேளுங்கள். பெண்களுக்கும், பட்டியலினத்தவருக்கும், வருமானம் குறைந்தவர்களுக்கும் இலவசமாக வக்கீல் தருவார்கள். குற்றப்பத்திரிகை தாக்கலாவதற்கு முன்பே கேளுங்கள்.